தோட்டத்தில் தொலைந்த ஜெபமாலை

போன வருஷம் விதைக்கிழங்கு ஊன்றும்போது அம்மாவின் ஜெபமாலையைத் தோட்டத்தில் தொலைத்துவிட்டேன். இறக்கும்போது அம்மா கையில் இருந்த மாலை. மூன்று நாள் தேடினேன், கிடைக்கவில்லை. அப்புறம் விரல் விட்டு எண்ணித்தான் ஜெபம்.

இன்று காலை, இயேசுவின் பாடுகளை நினைத்துச் சொல்லும் துயர மறையுண்மைகளைச் சொல்லிவிட்டுக் கிழங்கு தோண்ட இறங்கினேன். களைக்கொத்தின் நுனியில் சிக்கி வந்தது மாலை! சிலுவையில் துரு, ஒரு மணி உடைந்திருக்கிறது. ஈர மண்ணோடு அப்படியே முத்தமிட்டேன்.

எங்கள் கொடைக்கானல் சலேத் மாதா கோயிலுக்கு வருகிற பலருக்கு அந்தப் பெயரின் கதை தெரியாது. 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில், லா சலேத் என்ற ஊரில் மாடு மேய்த்த மெலானி, மாக்சிமின் என்ற இரண்டு பிள்ளைகளுக்கு மாதா அழுதபடி காட்சி கொடுத்தார். அழுகிப்போன உருளைக்கிழங்கைப் பற்றியும் மாதா பேசியதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். நன்றாக விசாரித்த பிறகே, 1851-ல் கிரெனோபிள் ஆயர் அதை ஏற்றார். கிழங்கு விளைகிற எங்கள் மலைக்கு அந்த மாதாவே வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

சாயந்தரம் பூசை முடிந்து பங்குச்சாமியிடம் காட்டினேன். "மனசார நன்றி சொல்லும்மா. புதுமை, அதாவது அற்புதம்னு ஊரெல்லாம் சொல்ல வேண்டாம்" என்றார். சரி, அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. எனக்கு இது மாதா தந்த அடையாளம், அவ்வளவுதான்.

இன்றிரவு அம்மாவுக்காக 53 மணி ஜெபம் (மணிக்கு ஒன்றாக 53 'அருள்நிறை மரியே'), இதே மாலையில். உடைந்த மணியை மாற்றப் போவதில்லை.