இரவு இரண்டு மணி முதல் மூன்று வரை

இந்த நாட்டுக்கு வந்த இரண்டு வருஷத்தில் ஒரு ஞாயிறு திருப்பலியையும் நான் விட்டதில்லை. கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில், தூணோரம் என் இடம். கடைசிப் பாட்டு முடிவதற்குள் காரில் ஏறிவிடுவேன். சமாதானம் பகிரும்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுப்பேன். சில வாரங்களில் இன்னொரு மனிதக் கை என் கையில் பட்டது அந்த ஒரு தடவைதான். என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை, நானும் யார் பெயரையும் கேட்டதில்லை.

அதனால்தான் பங்கின் (அந்தக் கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தின்) வார இறுதித் தியானத்துக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, படிவத்தின் மூன்றாவது கேள்வியிலேயே பேனா நின்றுவிட்டது. எத்தனை வருஷமாக இந்தப் பங்கைச் சேர்ந்தவர்? வந்த நாளிலிருந்து கணக்கா, அலுவலகத்தில் பதிந்த நாளிலிருந்தா? நான் பதியவே இல்லையே. பிற்பாடு தேடிப் படித்தேன். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, மூன்று மாதமாவது இருக்கும் எண்ணத்தோடு ஒரு பங்கின் எல்லைக்குள் குடிவந்தாலே போதும், அந்தப் பங்குத்தந்தை நமக்கும் பங்குத்தந்தை ஆகிவிடுகிறார். விசாவுக்காக நான் நிரப்பிய தாள்களை நினைத்துப் பார்த்தேன். திருச்சபை ரொம்பத் தாராளம்.

வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு நண்பகல் திருப்பலியோடு முடியும் தியானம். உள்ளே நுழைந்ததும் ஒரு கூடையை நீட்டி அதில் கைப்பேசியைப் போடச் சொன்னார்கள். முதல் உரை மௌனத்தைப் பற்றியது. இரைச்சல் நிறைந்த வாழ்க்கை, ஓயாத அழைப்புகள், இதற்கு நடுவில் கிடைக்கும் அமைதி எவ்வளவு பெரிய கொடை என்று ஃபாதர் நன்றாகவே பேசினார். சுற்றிலும் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சிரிப்பு. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம்தான் என்னை வா என்னும். வெள்ளி மாலை மூடிய வாய், திருப்பலியின் பதிலுரைகளையும் அம்மாவோடு ஃபோனில் பேசுவதையும் விட்டால், திங்கள் காலை ‘குட் மார்னிங்’ சொல்லத்தான் திறக்கும். மௌனத்தை நான் நாலு பேருக்குக் கடன் கொடுக்கலாம்.

நல்லவேளை, சிறு குழுக்களும் இருந்தன. வட்டமாக ஆறு நாற்காலி, நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, பக்கத்திலேயே ஒரு டிஷ்யூ பெட்டி. அழுவோம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள் போலும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் புத்திமதி சொல்லக்கூடாது, இங்கே கேட்டது வெளியே போகக்கூடாது என்பது விதி. புத்திமதி சொல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் முறை வந்தபோது, தூணோரம் உட்காருவேன் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல வரவில்லை. டிஷ்யூவை மற்றவர்கள்தான் எடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை உரையில், இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் வந்தார். தியானம் என்றால் அவர் வராமல் இருப்பாரா? தியானங்களுக்குப் பாதுகாவலர் என்று 1922இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் அறிவித்தது அவரைத்தானே. பீரங்கிக் குண்டில் கால் உடைந்த கதை பழகியது. காதில் புதிதாக விழுந்தது மன்ரேசா. பாஸ்க் நாட்டுக்காரர், 1522இல் ஸ்பெயினின் கட்டலோனியாவில் இருக்கும் அந்த ஊருக்குச் சில நாள் தங்கத்தான் போனார், பத்து மாதம் இருந்துவிட்டார். பின்னால் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற அவருடைய நூல் ஆனதன் விதை அங்கேதான் விழுந்தது. ஆனால் அதே ஊரில்தான், செய்த பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் மனம் ஆறாமல் தவித்திருக்கிறார். சில நாள் என்று போய்த் தங்கிவிடுவதும், எத்தனை தடவை சொன்னாலும் சொல்லி முடித்த மாதிரி இல்லாததும் எனக்குத் தெரியாத சங்கதியா?

ஏனென்றால் குருவிடம் அறிக்கையிடும்போது, ஆங்கிலத்தில் என் பாவங்கள் அலுவலக மின்னஞ்சல் மாதிரி இருக்கும். கோபப்பட்டேன், பொறுமை இழந்தேன், செபிக்கத் தவறினேன். வாக்கியத்தில் பிழை வந்துவிடக்கூடாதே என்ற கவனத்தில் மனஸ்தாபப்பட நேரம் இருக்காது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்யக்கூடச் சட்டத்தில் இடமிருக்கிறது, அவரும் இரகசியம் காத்தாக வேண்டும். ஆனாலும் மூன்றாவது ஆளை உட்கார வைத்துக்கொண்டு எவருக்கு வாய் வரும்?

அன்று பிற்பகல் வழக்கமான பட்டியலை ஒப்பித்து முடித்தேன். ஃபாதர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தை உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள் என்றார். ‘சர்வேசுரா சுவாமி’ என்று ஆரம்பித்தேன். முதல் நற்கருணையான புதுநன்மைக்கு முன்னால் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்தது. பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் நிறுத்தியதை முடித்துவிட்டதாக நினைத்து, அவர் பாவமன்னிப்பு வார்த்தைகளைத் தொடங்கிவிட்டார். மீதிப் பாதியை வெளியே வந்து, தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன்.

இரவு முழுக்க நற்கருணை ஆராதனை, அதாவது அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தைக் கதிர்ப்பாத்திரத்தில் வைத்து அதன் முன் செபிப்பது. ஆளுக்கொரு மணி நேரம் என்று தாள் ஒட்டியிருந்தார்கள். இரண்டிலிருந்து மூன்று மணி வரை யாரும் எழுதவில்லை. எனக்கு அது பழகிய நேரம். அம்மாவுக்கு அங்கே வேலை ஓய்ந்து, இங்கே நான் விழித்திருந்து பேசும் நேரம் அதுதான். என் பெயரை எழுதினேன்.

மூன்று மணிக்கு அடுத்தவர் வரவில்லை. மூன்றேகால் ஆயிற்று, ஆளைக் காணோம். கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை இருக்கும்போது ஆளில்லாமல் விட்டுப் போகக்கூடாது. முழங்கால் வலித்து நாற்காலிக்கு மாறினேன். செபமாலை ஒரு சுற்று முடிந்து, பாதிக்கு மேல் இன்னொரு சுற்றும் ஓடியது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நான் எழுந்து போனால் காலியாகிவிடும் என்ற இடத்தில் இந்த நாட்டில் அதுவரை நான் உட்கார்ந்ததே இல்லை. தூணோரம் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

மூன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. எழுபது வயதைத் தாண்டிய பெரியவர், சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். அலாரம் கூடைக்குள் போய்விட்டதே என்று கிசுகிசுத்தார். வாயைப் பொத்திக்கொண்டுதான் வெளியே வந்தேன். தாழ்வாரம் தாண்டிய பிறகு சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு நான் வழக்கமான இடத்தில்தான் இருந்தேன். முதல் வாசகம் பாதியில் இருக்கும்போது யாரோ தோளைத் தொட்டார்கள். அவர்தான், இன்றைக்கும் தாமதம். தூணோரம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.