சாபி ஆற்றங்கரையில் ஒரு பகல்

க்ரூகர் பூங்காவின் வாசல் திறப்பது காலை ஆறு மணிக்கு. ஐந்தரைக்கே வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. ஆகஸ்ட் மாதம் தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம். பல் கிட்டுகிற குளிர். ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் நண்பன் ஸ்டியரிங் பிடித்தான், பக்கத்தில் நான், பின்சீட்டில் கம்பளிக்குள் அவனுடைய அம்மா. மகனைப் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார்.

க்ரூகர் தேசியப் பூங்காவில் சொந்த வண்டியிலேயே சுற்றலாம். நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். தார்ச்சாலையில் 50, மண்பாதையில் 40 கிலோமீட்டர் வேகம், அவ்வளவுதான். 1926-இல் தேசியப் பூங்காவான காடு இது. பரப்பு கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். ஒரு நாளில் அதில் ஒரு மூலையைக்கூடப் பார்த்து முடிக்க முடியாது. நாங்கள் எடுத்துக்கொண்டது ஸ்குகூஸா முகாமிலிருந்து லோயர் சாபி முகாம் வரை சாபி ஆற்றை ஒட்டிப் போகும் சாலையை மட்டும்.

நண்பனுக்குப் பட்டியல் முக்கியம். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். நடந்துபோய் வேட்டையாட மிகவும் ஆபத்தானவை என்று பழைய வேட்டைக்காரர்கள் போட்ட கணக்கு அது. துப்பாக்கி போய் கேமரா வந்தும் பட்டியல் மாறவில்லை. சாலையில் பத்துப் பதினைந்து வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றால் சிங்கம் என்று அர்த்தம். நாங்களும் போய் முட்டிக்கொண்டோம். அரைமணி நேரத்தில் தெரிந்தது புல்லுக்கு மேலே இரண்டு காதுகள்.

"இதுக்கா இவ்வளவு கூட்டம்?" என்றார் அம்மா.

ன்குஹ்லு உணவுத்திடலில் உள்ளூர்க் குடும்பங்கள் வாடகைக்கு எடுத்த கேஸ் அடுப்பில் முட்டையும் தொத்திறைச்சியும் வறுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்ததும் குரங்கு ஒன்று மேசைக்கே வந்துவிட்டது. கதை வளர்க்க வேண்டாம், அப்பளம் போயிற்று.

அதற்கப்புறம் சாலையோரம் ஒரு வெள்ளைக் காண்டாமிருகம் மேய்ந்துகொண்டிருந்தது. மூக்கின்மேல் மொட்டையான அடி மட்டும். கள்ள வேட்டைக்கு அஞ்சிப் பூங்காக்காரர்களே கொம்பை அறுத்துவிடுகிறார்கள். நகத்தில் இருக்கும் அதே பொருள்தான், வலிக்காது, திரும்ப வளரும், திரும்பவும் அறுக்க வேண்டும். பட்டியலில் ஒன்று டிக் ஆயிற்று என்று நண்பன் சொன்னான். எனக்கென்னவோ படம் எடுக்கவே கை வரவில்லை.

லோயர் சாபி முகாமுக்குச் சற்று முன்னால் சன்செட் டேம். பெயர்தான் டேம், பார்த்தால் நம் ஊர் ஏரி. சாலை தண்ணீருக்கு அருகிலேயே போகிறது. இன்ஜினை நிறுத்தச் சொன்னது அம்மாதான். "ஓடிக்கிட்டே இருந்தா என்னத்தைப் பாக்கறது?"

நின்றோம். முதலில் பாறைகள் என்று நினைத்தவை மூச்சுவிட்டன. அத்தனையும் நீர்யானைகள். கரையில் முதலைகள் வாயைப் பிளந்தபடி கிடந்தன. உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள அப்படிச் செய்யுமாம். மஞ்சள் அலகு நாரை ஒன்று அலகைத் தண்ணீருக்குள் திறந்து வைத்துக்கொண்டு ஒற்றைக் காலால் சேற்றைக் கலக்கியது. மீன் உரசியதும் டப்பென்று மூடிக்கொள்ளும், கண் தேவையில்லை. வேடந்தாங்கலுக்கு வரும் சங்குவளை நாரையின் பங்காளி இது, அதே பேரினம். நடுத்தண்ணீரில் நீர்யானை முதுகில் ஒரு சாம்பல் நாரை நின்றிருந்தது. நீர்யானை நகர நகர அதுவும் மீன் பார்த்துக்கொண்டே நகர்ந்தது. வெயிலுக்காக ஏறிய ஆமைகள் இரண்டும் அதே முதுகில்.

"ஓசிப் பயணம் போகுது பாரு தம்பி," என்றார் அம்மா. இம்பாலா மான்கள் முன்னங்கால் நடுங்கத் தண்ணீர் குடிக்க வந்தன. ஒரு முதலை கண்ணை மட்டும் வெளியே வைத்து மிதந்து வந்தது. மான்கள் தெறித்து ஓடின. ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி வந்தன. இப்படியே மதியம் கழிந்தது. சிறுத்தையைத் தேடிப் போகலாம் என்ற நண்பனின் முனகலை நாங்கள் இருவரும் காதில் வாங்கவில்லை.

ஆறு மணிக்குள் வாசலைத் தாண்டியாக வேண்டும், தாமதித்தால் அபராதம். திரும்பும் வழியில் யானைக்கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டது. இங்கே பெண் யானைகளுக்கும் நீளமான தந்தம். குட்டியோடு முன்னால் நின்றவளின் கன்னத்தில் ஈரக்கோடு. நம் ஊரில் மதநீர் ஒழுகும் ஆணைப் பார்த்தால் எட்டி நிற்போம். ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும், பதற்றத்திலோ பரபரப்பிலோ அப்படி ஒழுகும், அது மதமல்ல. தெரிந்தும் என்ன, நண்பனின் கை தானாக ரிவர்ஸ் கியருக்குப் போயிற்று. அவள் காதை விரித்து எங்களை ஒருமுறை அளந்துவிட்டு, குட்டி கடக்கும்வரை நின்று, பிறகுதான் நகர்ந்தாள்.

வாசலைத் தாண்டும்போது ஆறாக நான்கு நிமிடம்.

"நாளைக்குக் கண்டிப்பா சிறுத்தை," என்றான் நண்பன்.

"நீ போய்த் தேடு. என்னை அந்தக் குளத்துக்கிட்ட இறக்கி விட்டுடு."

"அங்கெல்லாம் இறங்கக் கூடாதும்மா."

"அப்ப நீயும் உக்காரு."