பெயரை மறைக்க முடியாத தீவில் ஓர் ஆய்வு

மாலத்தீவின் தெற்கே ஓர் அட்டோலில் (வளையமாக அமைந்த பவளத் தீவுக் கூட்டத்தில்) ஆறு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தேன். எந்தத் தீவு என்று எழுதப் போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும். அங்கே வேலை பார்த்துக்கொண்டே, பிள்ளைகள் பள்ளியில் மனதளவில் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து முடித்தேன். இதே மாதிரி தொடங்கப் போகிற டீச்சர்கள் சிலர், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். நான் மாட்டிக்கொண்டு நின்ற இடங்களைச் சொன்னால் அவர்களுக்கு உதவும்.

மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் சுமார் 5 லட்சம் பேரில் ஐந்தில் இரண்டு பங்கு தலைநகர் மாலேயிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் இருக்கிறார்கள். மற்ற தீவுகளில் பல மிகச் சிறியவை. எங்கள் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். பள்ளியில் 112 பிள்ளைகள். டீச்சர்களில் பாதிப்பேர் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள்.

முதல் விண்ணப்பத்தை, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பியது. குறைந்தது 384 பேரிடம் கேட்க வேண்டும் என்றார்கள். பெரிய மக்கள்தொகைக்கு, 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை என்று வைத்துக் கணக்குப் போட்டால் வருகிற எண் அது. பள்ளியில் இருப்பதே 112 பேர், அதில் நான் கேட்க நினைத்த கிரேடு 7 முதல் 10 வரை 41 பேர். மாதிரி எடுக்கவில்லை, இருக்கிற எல்லோரையும் கேட்கிறேன், சராசரியை வைத்து நாட்டைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன் என்று விளக்கி எழுதினேன். அது தீர்ந்தது. தீராதது இன்னொன்று.

ஒப்புதல் படிவத்தில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: 'நீங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது.' நானும் அப்படியே போட்டிருந்தேன். மாலத்தீவின் மொழியான திவேஹியில் அதை மொழிபெயர்த்துக் கொடுத்த சக ஆசிரியை அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "மிஸ், இது எப்படி முடியும்?" என்று கேட்டார். கிரேடு 9-இல் இருப்பது ஒன்பது பேர், அதில் நான்கு பெண்கள். 'கிரேடு 9 மாணவி, அப்பா ரிசார்ட்டில் வேலை, பாட்டியிடம் வளர்கிறாள்' என்று எழுதினால் போதும், தீவில் எல்லோருக்கும் அவள் யாரென்று தெரிந்துவிடும். நகரத்துப் பள்ளியில் பெயரை எடுத்துவிட்டால் ஆளும் மறைந்துவிடுவார். இங்கே பெயரை எடுத்தாலும் ஆள் அப்படியேதான் நிற்கிறார்.

அன்று இரவு படிவத்தை மறுபடி எழுதினேன். காப்பாற்ற முடியாத வாக்கை எடுத்துவிட்டேன். 'பெயர், வகுப்பு, குடும்ப விவரம் எதையும் எழுத மாட்டேன். உன் பேச்சில் எதை எழுதினாலும் முதலில் உனக்குப் படித்துக் காட்டுவேன். நீ வேண்டாம் என்றால் எடுத்துவிடுவேன்.' இதை மட்டும் போட்டேன்.

அப்புறம், நான் அவர்களுக்கு மார்க் போடுகிற டீச்சர். மிஸ் கேட்டால் இல்லை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. அதனால் படிவம் கொடுத்ததும் வாங்கியதும் சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர். வேண்டாம் என்பவர்கள் வெற்றுத்தாளைப் போட்டால் போதும். ஒரு பிள்ளை பெரிய கஷ்டம் எதையாவது சொன்னால் யாரிடம் அனுப்புவீர்கள் என்று குழு கேட்டது மிக நியாயமான கேள்வி. தீவில் மனநல ஆலோசகர் கிடையாது. பெரிய மருத்துவமனைக்குப் படகில்தான் போக வேண்டும், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. வேறொரு தீவில் இருந்த ஆலோசகரிடம் பேசி, எந்த நாளும் போனில் கிடைப்பார் என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் அனுமதி வந்தது. இதை முதல் மாதமே செய்யுங்கள். நான் கடைசியில் செய்து நான்கு மாதம் இழந்தேன்.

பெற்றோர் கையெழுத்துக்கு ஏழு வாரம் ஆயிற்று. அப்பாக்கள் பலர் ரிசார்ட்டிலோ மாலேயிலோ இருந்தார்கள். காகிதம் அனுப்பிப் பயனில்லை. வகுப்பின் வைபர் செயலிக் குழுவில், படிவத்தை மொழிபெயர்த்த ஆசிரியையின் குரலில் திவேஹியில் விளக்கிப் பதிவு போட்ட பிறகு பதில்கள் வர ஆரம்பித்தன.

கேள்வித்தாளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூ.எச்.ஓ-5 எடுத்தேன். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஐந்தே வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. சின்னதுதானே என்று நினைத்தேன். திவேஹியை எழுதும் தானா எழுத்து வலமிருந்து இடம் போகும். ஆங்கிலமும் திவேஹியும் சேர்த்து அச்சடித்த தாளில், எந்தப் பக்கம் 'எப்போதும்', எந்தப் பக்கம் 'ஒருபோதும் இல்லை' என்று பிள்ளைகள் குழம்பினார்கள். முன்னோட்டத்தில், எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் ஒரு பையன் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டிருந்தான். பதறிப்போய்க் கேட்டால், தலைகீழாகப் படித்திருக்கிறான். இரண்டு மொழிக்கும் தனித்தனித் தாள் அடித்தேன். இன்னொன்று: 'காலையில் புத்துணர்வோடு எழுந்தேன்' என்ற வாக்கியத்தை ரமலானில் கேட்காதீர்கள். அந்த மாதம் வீடுகளில் தூங்கும் நேரமே மாறிவிடும்.

ஆனால் எனக்கு உண்மையில் எதையாவது சொல்லித்தந்தது எண்கள் அல்ல, வரைபடம். தீவை வரைந்து, மனசுக்கு லேசான இடம், பாரமான இடம் இரண்டையும் குறிக்கச் சொன்னோம். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, அந்த ஆசிரியை உடனிருக்க, அதைப் பற்றிப் பேசினேன். படகுத்துறையைக் கிட்டத்தட்ட எல்லோரும் வரைந்திருந்தார்கள். சிலருக்கு அது லேசான இடம், அப்பா வந்து இறங்கும் இடம். கிரேடு 10 பிள்ளைகள் பலர் அதையே பாரமான இடமாகக் குறித்தார்கள். எங்கள் பள்ளி கிரேடு 10 வரைதான். மேலே படிக்க மாலேக்குப் போக வேண்டும். சுமார் 2 சதுர கிலோமீட்டர் நகரம், சொந்தக்காரர் வீட்டில் நான்கு பேரோடு ஓர் அறை. படிப்பில் கவனம் இல்லை என்று நான் திட்டிய பிள்ளைகள், அந்தப் படகை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இது தெரியாமல் மூன்று வருடம் அவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

சொன்னபடி, எழுதியதை ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டினேன். ஒரு பெண் தன் அண்ணன் கிளம்பிய நாளைப் பற்றிச் சொல்லியிருந்தாள். ஆய்வேட்டிலேயே மிகத் தெளிவான பத்தி அதுதான். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அம்மா படிச்சா அழுவாங்க மிஸ்" என்றாள். எடுத்துவிட்டேன். அந்த அத்தியாயம் இளைத்துப் போனதாக என் ஆய்வு வழிகாட்டி சொன்னார், உண்மைதான். அந்தப் பத்தி இப்போது எங்கும் இல்லை.

பட்டம் வாங்கும் முன்பே, திவேஹியில் இரண்டு பக்கச் சுருக்கம் அச்சடித்துப் பெற்றோர் கூட்டத்தில் கொடுத்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு மீனவர் எழுந்து, பிள்ளைகள் போகிறதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதே இல்லை என்றார். அடுத்த மாதத்திலிருந்து வியாழக்கிழமைக் கடைசிப் பாடவேளையில், ஏற்கனவே மாலேக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள் வீடியோ அழைப்பில் கிரேடு 10-உடன் பேச ஆரம்பித்தார்கள். முதல் நாள் ஒரு பையன் கேட்ட முதல் கேள்வி, அங்கே ராத்திரி கடல் சத்தம் கேட்குமா என்பது.