போக்கியக் கார்

ஜூலை 19, 2025, சனி

தம்பி பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். நெதர்லாந்தில் வேலை உறுதியாகிவிட்டதாம், ஆகஸ்ட் 22 இங்கே கடைசி நாள். "அக்கா, என் வண்டிய நீயே எடுத்துக்க. நாலு வருஷ லீஸ்ல பத்து மாசந்தான் பாக்கி. மாசாமாசம் நீ கட்டு, அப்புறம் உன் வண்டி."

அம்மா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டே, "காரக் கூடவா போக்கியத்துக்கு எடுப்பாங்க?" என்றார். சிரித்துவிட்டேன். ராத்திரி யோசித்தால் அம்மா சொன்னதில் பாதி சரி, வண்டி அவனுடையது இல்லை. மீதிப் பாதி இன்னும் மோசம். போக்கியத்தில் கொடுத்த பணம் திரும்பி வரும், இதில் அதுவும் கிடையாது.

ஆனாலும் ஆசை விடவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் காப்பியும் மிளகும். வாரம் மூன்று தடவை பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குகிறார். இந்த மழைக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். வெள்ளிக்கு 3 சதவீதம், கூலி வேலைக்கு 5 சதவீதம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வரி எனக்குத் தெரியும் என்ற திமிரோடுதான் பட்டறை ஆடிட்டரிடம் போனேன்.

ஆர்.சி. படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். உரிமையாளர் என்ற இடத்தில் லீஸ் கம்பெனியின் பெயர். "உங்க தம்பி பேரே இதுல இல்லையேம்மா. அவரு எப்படி உங்களுக்குக் குடுப்பாரு?"

கம்பெனி லீஸ் என்பது மூன்று பேர் ஒப்பந்தமாம்: வேலை கொடுத்தவர், லீஸ்காரர், வேலை செய்பவர். வாடகை சம்பளத்திலிருந்து போகும். அந்த நாற்காலியில் நான் உட்கார வேண்டுமானால் என் முதலாளிக்கு லீஸ்காரரோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும். எங்கள் முதலாளியிடம் லீஸ் என்றால் எந்த வீதியில் வீடு என்று கேட்பார்.

ஆக, லீஸை முன்கூட்டியே முடித்து, லீஸ்காரரிடமிருந்து வண்டியை நேரே என் பெயருக்கு வாங்க வேண்டும். அது ஒன்றுதான் வழி.

ஜூலை 30, புதன்

இவருடைய சிநேகிதர் ஒருவர் வந்து, "ஒரு வருஷம் கர்நாடகா கே.ஏ. நம்பர்லயே ஓட்டலாம், சட்டமே இருக்கு" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். ஆடிட்டரிடம் கேட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவில் 12 மாதக் கணக்கு இருப்பது நிஜம். அது சொந்த வண்டியோடு ஊர் மாறி வருகிறவருக்கு. கைமாறிய வண்டிக்கு 50ஆம் பிரிவு, வாங்கியவருக்கு 30 நாள்தான். சிநேகிதரிடம் இதைச் சொல்லப் போவதில்லை. அவர் வண்டியும் கே.ஏ.தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

தம்பி நேற்று ராத்திரி வண்டியோடு வந்தான். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தானாம்.

ஊரே மேட்டூருக்குத் தலை முழுகப் போயிருக்க, நாங்கள் மலையேறினோம். அடிவாரம் தாண்டி ஐந்தாறு வளைவு வரை தம்பி ஓட்டினான். பெங்களூர்க் கை. வளைவில் மூன்றாவது கியரிலேயே இழுத்து, வண்டி திணறி, கிளட்ச் கருகும் வாசனை வந்துவிட்டது. "எந்திரிடா" என்று இவர் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன், இரண்டாவது கியர், எதிரே இறங்கி வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓர் ஓரம். சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. மேலே போனதும் மூடுபனி. கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடி முன்பெட்டியைத் திறந்தால், கர்நாடக ஆயுள் வரி கட்டிய ரசீது.

2022இல் கட்டியது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு அங்கே 14 சதவீதம், அந்த வரியின் மேல் 11 சதவீதம் செஸ் என்கிற மேல்வரி. தொகை லட்சத்தை ஒட்டி.

"ஆயுள் வரின்னா வண்டியோட ஆயுளுக்கும் சேர்த்துத்தானே கட்டியாச்சு?" என்றான் தம்பி.

"கர்நாடகா ரோட்டுக்குக் கட்டினடா. இது நம்ம ரோடு" என்றார் இவர், பள்ளத்தில் ஒரு சக்கரத்தை இறக்கி ஏற்றியபடி.

ஆகஸ்ட் 6, புதன்

ஆடிப் பண்டிகை, பட்டறைக்கு லீவு. கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது லீஸ்காரரின் விலைத்தாள் வந்தது. பாக்கித் தவணைகளையும் சேர்த்து வண்டி விலை 3,00,000. அதற்குக் கீழே ஜி.எஸ்.டி. 28 சதவீதம், செஸ் 1 சதவீதம், ஆக 87,000. ஆகஸ்ட் 20 வரை செல்லும்.

பழைய வண்டிக்கு 18 சதவீதம்தான், அதுவும் லாபத்தின் மேல் மட்டும் என்று இந்த ஜனவரியிலிருந்து விதி இருக்கிறதே என்று ஆடிட்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன். பொறுமையாகச் சொன்னார். வண்டி வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக, அதாவது தான் கட்டவேண்டிய வரியில் கழிவாக, எடுத்துக்கொள்ளாதவர் விற்றால்தான் அந்தச் சலுகை. வாடகைக்கு விடுவதே தொழிலாக உள்ள லீஸ்காரர் அன்றைக்கே வரவு எடுத்திருப்பார். அதனால் விற்கும்போது புது வண்டிக்குள்ள முழு விகிதம். 4 மீட்டருக்குள் நீளம், 1,200 சி.சி.க்குள் பெட்ரோல், ஆகவே 29. இன்னும் பெரிய வண்டியாக இருந்தால் செஸ் இதைவிட எகிறியிருக்கும்.

விலைத்தாளில் கர்நாடகாவின் வரி இல்லை, மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. என்று போட்டிருந்தது. வாங்குகிறவள் முகவரி சேலம் என்பதால். கையை விட்டுப் போகும் தொகை எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். இந்த நுணுக்கத்தை வேறொருவர் வண்டியில் பார்த்திருந்தால் ரசித்திருப்பேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லாச் சான்றுக்கு (என்.ஓ.சி.) விண்ணப்பிக்க வேண்டுமானால் முதலில் பாக்கி அபராதம் எல்லாம் தீர வேண்டும் என்றார் லீஸ்காரர். எடுத்துப் பார்த்தால் தம்பி பெயருக்குச் சிக்னல் மூன்று, நோ பார்க்கிங் ஒன்று. "கேமரா தப்பா எடுத்திருக்கும்கா" என்றான். படத்தில் சட்டை கூடத் தெளிவாகத் தெரிகிறது, போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது. முழுசாகக் கட்டினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பட்டறை வாசலில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு வந்து டி.வி. போட்டால், செங்கோட்டையில் பிரதமர் தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி. குறையும் என்கிறார். வயிற்றில் என்னவோ செய்தது.

காத்திருக்கலாமா? எது குறையும், எந்தத் தேதியிலிருந்து, யாருக்கும் தெரியாது. 20ஆம் தேதியோடு விலை காலாவதி. 22ஆம் தேதிக்குப் பிறகு தம்பி அந்தக் கம்பெனி ஆளே இல்லை, வண்டியை லீஸ்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கட்டிவிட்டேன். 3,87,000. பில் தேதி இன்றையது.

கட்டுவதற்கு முன் லீஸ்காரரிடம் ஒரு கேள்வி மட்டும் எழுத்தில் கேட்டிருந்தேன். வண்டி கர்நாடகாவை விட்டு வந்து இங்கே பதிவானால், மீதிக் காலத்துக்கான ஆயுள் வரியைக் கணக்குப் பார்த்து அங்கே திருப்பிக் கேட்கலாம். அந்தப் பணம் யாருக்கு? ஒரே வரியில் பதில் வந்தது: வரி கட்டியபோது பதிவு உரிமையாளர் என்ற முறையில் எங்களுக்கு.

தம்பி போனில் கத்தினான். "மூணு வருஷமா அந்த வரியையும் சேர்த்து வாடகைன்னு என் சம்பளத்துல புடிச்சாங்கக்கா!" அவன் சொல்வது நியாயம். ஒப்பந்தத்தின் பதினொன்றாம் பக்கத்தில் அவன் போட்ட கையெழுத்து வேறு மாதிரிச் சொல்கிறது. வாடகையில் என்னென்ன அடக்கம், திரும்பி வந்தால் யாருக்கு என்று 2022இலேயே கேட்டிருக்க வேண்டும். புது வண்டி வாசனையில் யார் கேட்கிறார்கள்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

கர்நாடகாவில் பாக்கி போக்குவரத்து அபராதங்களுக்கு 50 சதவீதத் தள்ளுபடி, நாளையிலிருந்து. ஏற்கெனவே கட்டினவர்களுக்கு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று ராத்திரி ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு. சின்னக் கார்களுக்கு 28ம் செஸ்ஸும் போய் 18, செப்டம்பர் 22லிருந்து. 3,00,000க்கு 54,000. நான் கட்டியது 87,000. முப்பத்து மூவாயிரம். இவரிடம் சொல்லவில்லை. அவர் பேப்பர் படிப்பதில்லை, ஆனால் டீக்கடைக்குப் போவார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

என்.ஓ.சி. போன வாரம் வந்தது. லீஸ்காரர் கையெழுத்திட்ட 29, 30ஆம் படிவங்கள், நான் நிரப்பிய 27ஆம் படிவம், இன்சூரன்ஸ், புகைச் சான்று, எல்லாம் ஒரு பைலில். 2022 அசல் பில்லுக்கு மட்டும் லீஸ்காரருக்கு ஆறு மெயில். அது இல்லாமல் இங்கே வரி போட முடியாது. நான் கொடுத்த மூன்று லட்சம் இதில் கணக்கே இல்லை, புதுசில் என்ன விலை, வண்டிக்கு வயது என்ன என்பதுதான் கணக்கு. புது வண்டி என்றால் இந்த விலைக்கு இங்கே 13 சதவீதம், வயது ஏற ஏற விகிதம் இறங்கும். கடைசியில் வந்தது ஐந்து இலக்கத் தொகை. முதல் இலக்கத்தைப் பார்த்து இவர் தண்ணீர் கேட்டார்.

எதிர் வீட்டு வங்கி மேலாளர், நாடு முழுக்கச் செல்லும் பி.எச். நம்பர்காரர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரி கட்டிவிட்டு எந்த ஊருக்கு மாற்றினாலும் நிம்மதியாகப் போகிறார். கொலுசுப் பட்டறைக் கணக்குப்பிள்ளைக்கு அதெல்லாம் கொடுக்க மாட்டார்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேப்பமரத்தடியில் சேசிஸ் பிரிண்ட். ஏஜென்ட் பையன் எண் இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்து ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தான். கறுப்பில் வெள்ளையாக எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. சின்ன வயதில் நாலணாவை நோட்டுக்கு அடியில் வைத்துத் தேய்த்த மாதிரியே. பிரேக் இன்ஸ்பெக்டர் தாளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்து, "பெங்களூர் வண்டியா? கிளட்ச் பாத்துக்குங்க" என்றார்.

அக்டோபர் 6, திங்கள்

டி.என். 54 நம்பர் பலகை மாட்டியாயிற்று. ஆர்.சி.யில் முதல் தடவையாக ஒரு மனுஷர் பெயர், என்னுடையது. புது ஆர்.சி. நகலை லீஸ்காரருக்கு அனுப்பி, வரி திரும்பி வந்தால் தம்பிக்குக் கொடுக்கச் சொல்லி மறுபடி எழுதினேன். "பரிசீலிக்கிறோம்" என்று பதில்.

பட்டறை வழக்கப்படி நிச்சயமான வரவுக்குப் பேனா. இதை "வரவேண்டியது" பக்கத்தில் தம்பி பெயருக்குப் பென்சிலால் எழுதி வைத்தேன். இவர் மிளகு மூட்டைக்குப் பின் சீட்டை மடக்கிக்கொண்டிருக்கிறார்.