கொயர் அறையும் சுமி ஜோவும்

நம் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொன்னால் நம் ஆட்கள் பெரும்பாலும் பிக் மேட்ச் பற்றியும் ஹொஸ்டல் சாப்பாடு பற்றியும்தான் எழுதுவார்கள். நான் கொயரை, நம் பள்ளிக்கூடப் பாடகர் குழுவைப் பற்றி எழுதுகிறேன் என்று ஆசிரியர் குழுவிடம் சொல்லிவிட்டேன், ஆனால் கொயரை நினைத்தால் எனக்குக் கூடவே நினைவுக்கு வருவது தென்கொரியாவின் சொப்ரானோ, அதாவது பெண்குரலில் மிக உயர்ந்த சுரங்களைப் பாடும் பாடகி, சுமி ஜோ. காலைப் பிரார்த்தனைக்கு முன் மியூசிக் ரீச்சர் எங்களை வரிசையில் விட்டு, வயிற்றில் கை வைத்து மூச்சை இழுத்து, பிறகு ‘ஸ்ஸ்ஸ்’ என்று நூல் பிடித்தமாதிரி விடச் சொல்லுவாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பயிற்சி ஒரு குரலை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை ரொறன்ரோவில் நூலகத்தில் இரவல் எடுத்த ஒரு சீடியில்தான் கேட்டேன்.

மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஒப்பரா என்ற இசை நாடகம், வாத்தியக் குழு நடத்துநர் சோல்ற்றி நடத்திய பதிவு. அதில் இரவின் அரசி என்ற பாத்திரம் ஆத்திரத்தில் பாடும் பாட்டு இருக்கிறது. பெரும்பாலான சொப்ரானோக்களே கிட்டப் போகப் பயப்படும் உச்ச சுரத்தைத் திரும்பத் திரும்பத் தொடவேண்டும், அதுவும் நம் பிருகா மாதிரி விறுவிறு என்று சுரங்களை உதிர்த்துக்கொண்டே. சுமி ஜோ பாடும்போது ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, சுத்தமாக வந்து விழுகிறது, கத்தல் இல்லை, இழுபறி இல்லை. ஒப்பரா மேடையில் மைக் கிடையாது. முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் கடைசி வரிசை வரை குரல் போகவேண்டும், அதற்கு மூச்சைத் தவிர வேறு வழி இல்லை.

சுமி ஜோ 1962இல் பிறந்தவர். பாடகியாக ஆசைப்பட்டு, காலம் சரிவராமல் அந்த ஆசையை விட்ட தாய், மகளைச் சின்ன வயதிலேயே பியானோவுக்கு முன் உட்கார்த்திவிட்டார், நாள்முழுக்கப் பயிற்சி. பிறகு தலைநகர் சோலில் கலைகளுக்கென்றே இருக்கும் சொன்ஹ்வா பள்ளிக்கூடம், சோல் தேசியப் பல்கலைக்கழகம், 1983இல் ரோமில் சாந்தா சிசிலியா இசைக் கல்லூரி. 1986இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரத்து அரங்கில் வெர்டியின் ‘ரிகொலெத்தோ’வில் கில்டா என்ற பாத்திரமாக முதல் பெரிய மேடை. அதற்கப்புறம் புகழ்பெற்ற வாத்தியக் குழு நடத்துநர் காரயன் அவரது குரலைக் கேட்டு, ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் விழாவில் வெர்டியின் இன்னொரு ஒப்பராவுக்குத் தெரிவுசெய்தார். 1989 ஜூலையில், மேடையேற்றத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது காரயன் காலமாகிவிட, சோல்ற்றி வந்து பொறுப்பெடுத்தார். அதே ஆண்டு நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் ஒப்பரா அரங்கிலும் கில்டா. சால்ஸ்பேர்க்கில் பாடும்போது அவருக்கு வயது இருபத்தாறுதான்.

இந்த விபரங்களை விட என்னைப் பிடித்துக்கொண்டது 2006இல் பாரிஸில் நடந்த ஒரு கச்சேரி. அது டிவிடியாகவும் வந்தது. தகப்பனார் இறந்துவிட்டார், கொரியாவில் இறுதிச் சடங்கு, இவர் பாரிஸில் மேடையில். நிகழ்ச்சியை நிறுத்தாமல் பாடி முடித்தார். கடைசியில் சபையிடம் விஷயத்தைச் சொல்லி, தகப்பனுக்காக ஷூபேர்ட்டின் ‘ஆவே மரியா’வைப் பாடினார். தொண்டை அடைத்தால் பாட்டு வராது என்பது பாடிய எல்லோருக்கும் தெரியும், அங்கே மூச்சு அவரைத் தாங்கிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்க்கலாம். சண்டைக் காலத்தில் அப்பாவின் சாவுச் செய்தியை ரெலிபோனில் கேட்டு, ஊருக்குப் போக வழியில்லாமல் அடுத்த நாள் வேலைக்குப் போனவர்கள் நம்மோடு படித்த செற்றிலேயே எத்தனை பேர்! நானும் அதில் ஒருத்தி. அந்த டிவிடியை நான் தனியே இருந்துதான் பார்ப்பேன்.

இப்போது அவர் கற்றுக்கொடுக்கும் பக்கம் அதிகம் திரும்பியிருக்கிறார், எனக்கு இதுதான் இன்னும் பெரிய விஷயமாகப் படுகிறது. 2021இல் கொரியாவின் கைஸ்ட் என்ற விஞ்ஞானப் பல்கலைக்கழகம் அவரை வருகைப் பேராசிரியராக எடுத்தது. 2024இல் பிரான்ஸில் ஒரு பழைய கோட்டை மாளிகையில் தன் பெயரில் சர்வதேசப் பாட்டுப் போட்டியைத் தொடங்கினார், எந்த நாட்டு இளம் பாடகரும் வரலாம். தான் இருபது வயதில் அந்நிய நாட்டில் தனியே நின்றதை மறக்காத ஆளின் வேலை இது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல், புரட்டஸ்தாந்து மிஷனரிமார் கொரியாவில் நிலைகொண்டது 1880களில். அதே ஞானப்பாட்டு, அதே ஹார்மோனியம், அதே நாலு குரல் கொயர். கொரியர்கள் அதற்கு மேல் பள்ளிக்கூடங்களையும் கல்லூரிகளையும் கட்டினார்கள், மேற்கத்திய இசையைப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் படிப்பித்தார்கள், உலகத்தின் ஒப்பரா மேடைகளில் இன்று கொரியர்கள் நிற்கிறார்கள். குரல் பிறவியில் வரலாம், சரி, ஆனால் ரீச்சர் இல்லாமல் அது வளராது. நம் பள்ளிக்கூடத்தில் இப்போது கொயருக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை, பியானோவும் பூட்டிக் கிடக்கிறது என்று ஊரில் இருந்து சொல்கிறார்கள். மைதானத்துக்கும் மண்டபத்துக்கும் கொடுத்த நம் சங்கக் கிளை, ஒரு பாட்டு ரீச்சருக்கு மூன்று வருடச் சம்பளம் கொடுக்கமுடியாதா? அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவருகிறேன். கொயரில் பாடிய அக்காமார், அண்ணாமார், தங்கச்சிமார் எல்லோரும் வந்து கை உயர்த்துங்கள்.