“கொஞ்சம் அதிகமாப் போகுது டாக்டர்”

படி ஏறினால் மூச்சு வாங்கியது. 41 வயதாகிறது, இனி இப்படித்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ராத்திரி படுத்தால் கால்களை அசைக்காமல் வைத்திருக்க முடியாது. இதையெல்லாம் விட, ஐஸ் மேல் ஓர் ஆசை. ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் கட்டிகளை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டே இருப்பேன். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இப்படி வருவதுண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இவற்றை மாதவிடாயோடு சேர்த்துப் பார்க்கவும் தோன்றவில்லை. இரண்டு வருஷமாக எட்டு, ஒன்பது நாள் போய்க்கொண்டிருந்தது. முதல் மூன்று நாளும் நடு ராத்திரிக்கு அலாரம் வைத்து எழுந்து பேட் மாற்றுவேன். அம்மாவிடம் சொன்னால், “எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, நிக்கப்போற வயசு வந்தா சரியாயிடும்” என்பார்.

முதலில் பார்த்த டாக்டரிடம், “கொஞ்சம் அதிகமாப் போகுது” என்றேன். சத்து மாத்திரை எழுதித் தந்தார். அவர் இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நான் சொன்னதிலும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அக்காதான் சொன்னாள்: “எல்லாத்தையும் எண்ணி எழுதிட்டுப் போ.” இரண்டு மாதம் எழுதினேன். எந்தத் தேதி, எத்தனை பேட், முழுக்க நனைந்ததா பாதியா, ரத்தக் கட்டி விழுந்ததா என்று. ஒரு நாள் குறிப்பு இப்படி இருக்கிறது: “2ஆம் நாள். 10.15 மாற்றினேன். 11.40 முழுக்க நனைந்துவிட்டது. கட்டி, கட்டைவிரல் அகலம்.” எழுதிய பிறகு படித்தபோது எனக்கே பயம் வந்தது.

அடுத்து பார்த்த டாக்டர் அதை முழுக்கப் படித்தார். ஏழு நாளுக்கு மேல் போவது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைவது, இரண்டரை சென்டிமீட்டருக்குப் பெரிய கட்டிகள் விழுவது, இவற்றில் ஒன்று இருந்தாலே அதிக உதிரப்போக்குதான் என்றார். இரண்டு மாதவிடாய்க்கு இடையில் ரத்தம் படுகிறதா, பல் தேய்க்கும்போது ரத்தம் வருமா, வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு உண்டா என்றெல்லாம் கேட்டார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 5. தைராய்டு சரியாக இருந்தது.

ஸ்கேனுக்குத்தான் ரொம்பப் பயந்தேன். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, உறை மாட்டி ஜெல் தடவிய மெல்லிய கருவியை உள்ளே வைத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் அழுத்தம் தெரிந்தது, வலி இல்லை. பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. 24 மில்லிமீட்டரில் ஒரு ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பையில் வளரும் தசைக் கட்டி, கர்ப்பப்பையின் உள்குழிக்குள் துருத்திக்கொண்டு இருந்தது.

“கர்ப்பப்பையை எடுக்கணுமா டாக்டர்?” தொண்டை அடைத்துக்கொண்டது.

“இதுக்கு அதெல்லாம் வேண்டாம்மா. இது புற்றுநோய் கட்டி மாதிரி இல்லை. நிறையப் பேருக்கு இருக்கும், பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. அளவை விட, எங்க இருக்குங்கறதுதான் முக்கியம். உங்களுக்கு உள்பக்கம் இருக்கறதால இவ்வளவு போகுது.”

வயிற்றில் வெட்டாமல், கர்ப்பப்பை வாய் வழியாகவே கேமரா விட்டுக் கட்டியை எடுத்துவிடலாம், ஆனால் அதற்கு முன் ஹீமோகுளோபின் ஏற வேண்டும் என்றார். அதுவரை, போக்கு இருக்கும் நாட்களில் மட்டும், அதைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை. ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது என்பதால் அதையும் கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

இரும்பு மாத்திரைதான் படாத பாடு படுத்தியது. மலச்சிக்கல், வயிற்றுப் பிரட்டல். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பதறிப்போய் போன் செய்தேன்; மாத்திரையால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பிறகு டாக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். தினமும் போட்டால் உடம்பு உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளுமாம். காபி, டீயோடு போடக் கூடாது. இரண்டாவது வாரமே ஐஸ் ஆசை போய்விட்டது. நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் 9.6.

ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டியதும் கட்டியை எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுத்தார்கள், அன்று மாலையே வீடு. இரண்டு நாள் இழுத்துப் பிடிக்கும் வலி, கொஞ்ச நாள் லேசான போக்கு. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பி, பயப்பட ஒன்றும் இல்லை என்ற முடிவு வரும்வரை எனக்குத் தூக்கம் இல்லை.

ஹீமோகுளோபின் 12.4 ஆனதும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். டாக்டர் விடவில்லை. ரத்தம் ஏறிவிட்டது, சேமிப்பு இன்னும் நிரம்பவில்லை; ஃபெரிட்டின் 19தான், இன்னும் மூன்று மாதம் போடுங்கள் என்றார். போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஐந்து நாள்தான் போகிறது. ஃபைப்ராய்டு திரும்ப வரலாம் என்பதால் குறிப்பு எழுதுவதை விடவில்லை. போன வாரம் அம்மா அதை வாங்கிப் பார்த்தார். பழைய பக்கங்களை ரொம்ப நேரம் புரட்டிவிட்டு, “எனக்கு இதைவிட அதிகமாப் போச்சு” என்றார்.