படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் ஓர் இடம்: தகுதியை உறுதிசெய்த அனுபவம்

என் மாமனார் கட்டாய ஆள்சேர்ப்பின் வழியாக அமெரிக்கத் தரைப்படையில் சேர்க்கப்பட்டு, வியட்நாமில் பணியாற்றி, 1971-இல் விடுவிக்கப்பட்டவர். புற்றுநோய் முற்றிவிட்டதாக மருத்துவர்கள் சொன்ன பிறகு, தம்மைப் படைவீரர்களுக்கான கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டார். மாமியாரின் கவலையோ வேறு. பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள என் நாத்தனார் நாற்பதைக் கடந்தவர். திருமணமாகாமல் பெற்றோரின் பராமரிப்பிலேயே வாழ்பவர். தாங்கள் இருவரும் போன பிறகு, என்றோ ஒரு நாள் அவளும் தங்களோடு வந்து சேர முடியுமா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

அமெரிக்காவில் படைவீரர் கல்லறை என்றதும் எல்லோருக்கும் வாஷிங்டன் நகரருகே உள்ள ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். அது தரைப்படைத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. இடம் சுருங்கிக்கொண்டே வருவதால் அங்கே விதிகள் மிகக் கடுமையானவை. பணியிலிருக்கும்போதே இறந்தவர்கள், முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வூதியம் பெற்றவர்கள், வெள்ளி நட்சத்திரமோ அதற்கு மேற்பட்ட வீரப்பதக்கமோ பெற்றவர்கள், போரில் காயமுற்று ஊதா இதயப் பதக்கம் பெற்றவர்கள், போர்க்கைதிகளாக இருந்தவர்கள் முதலியோருக்கே மண்ணில் அடக்கம் செய்யும் உரிமை உண்டு. மதிப்புடன் விடுவிக்கப்பட்ட மற்ற வீரர்களின் அஸ்தியை அங்குள்ள மாடச் சுவர்களில் வைக்கலாம். என் மாமனார் மண்ணில் அடக்கமாவதையே விரும்பினார். அவரிடம் அத்தகைய பதக்கமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. ஆகவே ஆர்லிங்டனைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது.

பலரும் அறியாதது என்னவென்றால், முன்னாள் படைவீரர் நலத்துறை நடத்தும் தேசியக் கல்லறைத் தோட்டங்கள் நாடெங்கும் 150-க்கும் மேல் உள்ளன என்பதும், அவற்றின் விதிகள் வேறு என்பதும்தான். அங்கே பதவியையோ பதக்கத்தையோ பார்ப்பதில்லை. பயிற்சிக்காக மட்டுமல்லாமல் முழுநேரப் படைப்பணி ஆற்றியிருக்க வேண்டும், அவமதிப்புக்குரிய முறையில் வெளியேற்றப்பட்டிருக்கக் கூடாது என்ற இரண்டுமே அடிப்படை. 1980 செப்டம்பர் 7-க்குப் பிறகு சிப்பாயாகச் சேர்ந்தவர்களுக்குத் தொடர்ந்து 24 மாதப் பணி, அல்லது அழைக்கப்பட்ட காலம் முழுவதும் பணி என்ற நிபந்தனையும் சேரும். மாமனார் அதற்கு முந்தையவர் என்பதால் அது அவருக்குப் பொருந்தவில்லை. விடுவிப்புச் சான்றில் மதிப்புக்கும் அவமதிப்புக்கும் இடைப்பட்ட தகுதி குறிக்கப்பட்டிருந்தால் நலத்துறை ஒவ்வொன்றையும் தனியாக ஆராய்ந்தே முடிவு சொல்லும்; அத்தகைய குடும்பங்கள் மிக முன்னதாகவே தொடங்குவது அவசியம்.

நாங்கள் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வசிக்கிறோம். அருகிலுள்ள சான் புரூனோவின் கோல்டன் கேட் தேசியக் கல்லறைத் தோட்டத்தில், பசிபிக் போரில் கடற்படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் நிமிட்ஸ், மற்ற வீரர்களுக்கு உள்ளதைப் போன்ற அதே எளிய கல்லின் கீழ்தான் கிடக்கிறார். மாமனாருக்கு அந்த இடத்தின் மேல் ஆசை இருந்தது. ஆனால் ஏற்கெனவே குடும்பத்தினர் அடக்கமான குழிகளைத் தவிர அங்கே சவப்பெட்டிக்குப் புதிய இடம் கிடையாது. அதனால் 2006-இல் திறக்கப்பட்ட, டிக்சன் ஊரிலுள்ள சாக்ரமெண்டோ பள்ளத்தாக்குத் தேசியக் கல்லறைத் தோட்டத்தைத் தேர்ந்தோம்.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் டிடி 214 என்ற விடுவிப்புச் சான்று. பணியில் சேர்ந்த நாள், விடுபட்ட நாள், விடுவிப்பின் தன்மை ஆகிய மூன்றும் அந்த ஒரே தாளில் இருக்கின்றன. மாமனாரின் தாள் வீடு மாறியபோது தொலைந்துபோயிருந்தது. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு அவரே கையெழுத்திட்டு விண்ணப்பித்ததில் நகல் வந்துசேர்ந்தது. தட்டச்சு எழுத்துகள் மங்கிய அந்த நகலில் 'மதிப்புடன்' என்று பொருள்படும் சொல்லை அவர் விரலால் தொட்டுப் பார்த்து, மனைவியிடம் காட்டினார். 1973-இல் அந்த மையத்தில் ஏற்பட்ட தீயில், 1960-க்கு முன் விடுபட்ட தரைப்படையினரின் கோப்புகளில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. அக்காலத்து வீரர்களின் குடும்பங்கள் சம்பளப் பட்டியல் போன்ற பிற பதிவுகளைக் கொண்டு சேவையை நிரூபிக்க வேண்டியிருக்கும். வீரர் உயிரோடிருக்கையில் அவர் கையெழுத்தே போதும்; இறந்த பிறகு கேட்பவர் உறவையும் இறப்பையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். ஆகவே இந்தத் தாளை அவர் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள் என்று எல்லாக் குடும்பங்களையும் வேண்டிக்கொள்கிறேன்.

அடுத்தது, தகுதியை முன்கூட்டியே உறுதிசெய்யும் 40-10007 எண் படிவம். இதற்குக் கட்டணமில்லை. எங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) முன்னாள் படைவீரர் சேவை அலுவலர் எங்களோடு உட்கார்ந்து பொறுமையாக நிரப்பித் தந்தார். அதற்கும் அவர் பணம் எதுவும் வாங்கவில்லை. விரும்பும் தோட்டத்தின் பெயரைப் படிவத்தில் குறிக்கலாம் என்றாலும், குழியை முன்பதிவு செய்ய முடியாது. வரும் கடிதம் தகுதியை மட்டுமே சொல்லும். இறப்புக்குப் பின் அப்போதைய சட்டப்படி மறுபடி சரிபார்ப்பார்கள்.

மாமியாரின் உரிமை கணவர் வழியே வருவது. மாமியார் கணவருக்கு முன்பே இறந்திருந்தாலும் அங்கேயே இடம் கிடைத்திருக்கும். விவாகரத்தானவர்களுக்கு இந்த உரிமை இல்லை.

நாத்தனாருக்கான விண்ணப்பம்தான் நிறைய உழைப்பைக் கேட்டது. வயதுவந்த பிள்ளைகளுக்குப் பொதுவாக இடமில்லை. ஆனால் திருமணமாகாதவராகவும், 21 வயதுக்கு முன்பே, முழுநேர மாணவராக இருந்தால் 23 வயதுக்கு முன்பே, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாதபடி நிரந்தரக் குறைபாடு உடையவராகவும் இருந்தால், எந்த வயதிலும் தகுதி உண்டு. மருத்துவர் முதலில் எழுதித் தந்த கடிதம் இன்றைய நிலையை மட்டும் சொன்னது. குறைபாடு எது, எப்போது தொடங்கியது, அதன் அளவு என்ன, அவர் மணமாகாதவரா என்பவற்றைத் தெளிவாகக் குறிக்கும்படி கேட்டு வேறு கடிதம் பெற்றோம். சிறப்புப் பள்ளியில் அவர் பயின்ற காலத்து மதிப்பீட்டு அறிக்கையையும் இணைத்தோம். மூவருக்கும் தகுதி உண்டென்ற கடிதங்கள் வந்தபோது மாமியார் மகளுடையதையே முதலில் வாசித்தார்.

மாமனார் இறந்ததும் இறுதிச்சடங்கு நிலையத்தார் அந்தக் கடிதத்தையும் டிடி 214-ஐயும் அனுப்பி, தேசியக் கல்லறைத் தோட்டங்களில் அடக்கத்துக்கு நேரம் ஒதுக்கும் மத்திய அலுவலகத்தோடு பேசி, வார நாளொன்றில் நேரம் வாங்கினார்கள். குழி, அதைத் திறந்து மூடுதல், கல், பராமரிப்பு அனைத்தும் அரசின் செலவு. சவப்பெட்டியும் இறுதிச்சடங்கு நிலையத்தின் கட்டணமும் ஊர்தியும் நம் செலவு. வழிபாடு குழியருகே நடப்பதில்லை. கூரையிட்ட மண்டபத்தில் சுமார் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதை உறவினர்களிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது. சீருடையில் வந்த இரு வீரர்கள் கொடியை முக்கோணமாக மடித்து மாமியாரின் கையில் கொடுத்தார்கள். படைவீரர்களுக்கு இறுதி விடைகொடுக்கும் 'டாப்ஸ்' என்ற மெட்டு எக்காளத்தில் இசைக்கப்பட்டது. தகுதியுள்ள எந்த வீரரின் குடும்பம் கேட்டாலும் இந்த மரியாதையைச் செய்ய வேண்டும் என்பது சட்டம்.

நாத்தனாரின் காலம் வரும்போது, அவர் இறுதிவரை மணமாகாமலும் பிறரைச் சார்ந்தும் இருந்தார் என்று அப்போது யாராவது காட்ட வேண்டும். அதனால் தகுதிக் கடிதம், மருத்துவரின் கடிதம், பள்ளி அறிக்கை, தந்தையின் டிடி 214 ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து, எங்களுக்குப் பின் அவருக்குக் காப்பாளராக இருக்கச் சம்மதித்துள்ள என் மூத்த மகனிடமும் ஒரு படி கொடுத்திருக்கிறோம்.